பேரு குடுக்க மாட்டேன்

2022 பிப்ரவரி முதல் வாரம். சென்னை மாநகராட்சித் தேர்தலுக்கு இரண்டு வாரந்தான் இருந்தது. எங்கள் சந்தில் ஒரு வீட்டு வாசலில் செல்போனும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பெரியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சொந்தப் பெரியம்மா அல்ல. சேரியில் ரத்த உறவு பார்த்தா முறை வைக்கிறோம்?

“பெரிம்மா, வூட்டுல எத்தினி ஓட்டு? உம் பேரு, போன் நம்பரு சொல்லு. நம்ம பொண்ணு நிக்குதில்ல, அதுக்கு.”

“ஓட்டு கேக்க வந்தியா, கேட்டுனு போ. பேரு குடுக்க மாட்டேன்.”

“இன்னா பெரிம்மா, நான் யாரு?”

“நீ யாரா வேணா இரு. எம் பேர எழுதினு போனவன் எவன்டா நல்லது பண்ணிக்கிறான்? மொதல்ல நோட்டு எத்துக்குனு வந்தான். அப்பறமா போட்டோ புடிச்சான், கைரேகை வாங்குனான். கடைசில எம் பொண்ணு வூட்ட இடிச்சு, சாமானோட லாரில ஏத்திட்டான்.”

அவள் மகள் குடும்பம் இருந்தது சத்தியவாணி முத்து நகரில். 2019 டிசம்பர் கடைசியில் அங்கே வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே, முழுப் பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கும்போது, பிள்ளைகுட்டிகளோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். தாழ்த்தப்பட்டோருக்கென்று தனிக் கட்சி கண்டு, 1979இல் மத்திய மந்திரியாகவும் இருந்த ஒரு பெண்ணின் பேரை வைத்த நகர் அது. பேர் இருந்து என்ன ஆயிற்று?

அன்றைக்குப் பெரியம்மாவிடம் நான் வாதாடவில்லை. ஓட்டு மட்டும் கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் செல்போனில் ஒன்று செய்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால், அந்தச் செல்போனில் இருந்த நிரல் எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்லியாக வேண்டும்.

சிந்தாதிரிப்பேட்டையைச் சின்னத் தறிப் பேட்டை என்பார்கள். 1734 வாக்கில், கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் கொண்டுவந்து குடிவைத்த ஊர். புத்தகங்களில் நெசவாளர் வருகிறார்கள், துபாஷிகள் வருகிறார்கள், கோயில் வருகிறது. கூவம் கரையில் கிடந்த எங்களைப் பற்றி நான் படித்த எதிலும் ஒரு வரி கிடையாது. அதே பேட்டையில் மவுண்ட் ரோடு பக்கம் ரிச்சி தெரு இருக்கிறது. ரேடியோ வால்வில் இருந்து கம்ப்யூட்டர் வரைக்கும் விற்ற தெரு. பத்தாவதோடு படிப்பு நின்றுபோன நான் 1997இல் அங்கே ஒரு கடையில் சாமான் தூக்கப் போனேன். பெட்டி, மானிட்டர், பிரிண்டர் எல்லாம் என் தோளில்தான் மாடி ஏறும். கீபோர்டைத் தொட மூன்று வருஷம் ஆயிற்று. என்னோடு சேர்ந்த இன்னொரு பையனுக்கு மூன்றே மாதம். அவன் யார், நான் யார் என்று இந்தப் பத்திரிகை படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திருட்டு சிடியில் விண்டோஸ் போட்டுத் தருவதுதான் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த வேலை. 2001இல் பழைய பெட்டி ஒன்றை வாங்க வந்த கல்லூரி மாணவர் ஒருவர், “இதப் போடுங்கண்ணா, இது ஃப்ரீ” என்று லினக்ஸ் சிடி ஒன்றைக் கொடுத்தார். ஃப்ரீ என்றால் எங்கள் காதில் இலவசம் என்றுதான் விழும். இலவசம் என்பது எங்கள்மேல் எறியப்படுகிற வசவு. இலவச அரிசி, இலவச வேட்டி, இலவசமாக சீட்டு என்று சொல்லிக் காட்டாத சாதி இந்து உண்டா? அந்த மாணவர் சிரித்துவிட்டு, “காசு இல்லங்கறது பெருசு இல்லண்ணா. உள்ள இருக்கிறத நீங்க பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். எவனும் தடுக்க முடியாது” என்றார். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தையாம், அதனால் அவர்களுக்குக் குழப்பமாம். தமிழில் இதற்குக் ‘கட்டற்ற மென்பொருள்’ என்று பேர் வைத்திருப்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். யார் வைத்தார்களோ, நன்றாக வைத்தார்கள். ஊர்க்கட்டு, கட்டுப்பாடு, தள்ளிவைப்பு இவற்றோடு வளர்ந்த ஒரு பாஷையில் ‘கட்டற்ற’ என்ற சொல் எனக்கு வேறு மாதிரி ஒலித்தது.

இதன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் இதை ஆரம்பித்தார். மூலநிரலைப் பூட்டி வைப்பது அநியாயம் என்பது அவர் கட்சி. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதி எல்லாருக்கும் விட்டார். இதை அரசியல் பிரச்சாரத்துக்கு எடுத்ததும் அமெரிக்காவில்தான். 2003இல் ஹோவர்ட் டீன் என்பவர் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்டபோது, சம்பளம் வாங்காத நிரலாளர்கள் கூடி, ட்ரூபல் என்ற கட்டற்ற மென்பொருளின்மேல் ‘டீன்ஸ்பேஸ்’ என்று ஒன்றைக் கட்டினார்கள். எந்த ஊர் ஆதரவாளரும் தலைமையைக் கேட்காமல் அதை எடுத்துத் தன் ஊர் வேலையை நடத்திக்கொள்ளலாம். டீன் 2004 பிப்ரவரியில் போட்டியிலிருந்து விலகிவிட்டார். அவருக்காகக் கட்டியது ‘சிவிக்ஸ்பேஸ்’ என்று பேர் மாறி நின்றது. அதை ஒட்டி 2005இல் ‘சிவிசிஆர்எம்’ வந்தது. இன்று பல நாடுகளில் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் தங்கள் உறுப்பினர் கணக்கை அதில் வைத்திருக்கின்றன. தோற்றவனுக்காகச் செய்தது ஊருக்கு மிச்சமானது என்பது எனக்குப் பிடித்த விஷயம். நாங்கள் தோற்பதில் அனுபவம் உள்ளவர்கள்.

ஆனால் அங்கே அதைச் செய்தவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டுச் சாமான். எங்களுக்கு அப்படியா? இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ பத்திரிகை ஆரம்பித்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ராயப்பேட்டையில் இருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். எங்கள் சந்தில் இருந்து நடந்தே போகலாம். 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ ஆரம்பித்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட ‘கேசரி’ மறுத்தது. ஆகவே நம்முடைய அச்சு நம் கையில் என்ற எண்ணம் நமக்குப் புதியதல்ல. பெங்களூரில் ஒரு குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பேரில் ஒரு கணினி மையம் நடந்தது. யாரோ கழித்துப் போட்ட பெட்டிகளில் லினக்ஸ் போட்டு, கட்டற்ற மென்பொருள் தொண்டர்கள் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதே வேலையைச் செய்கிறது. இப்படி வந்த பிள்ளைகள் எழுதும் நிரல் வேறாக இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

2022க்கு வருகிறேன். சென்னை மாநகராட்சிக்கு 2011க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. பத்து வருஷம் கழித்து 200 வார்டுகளுக்கு பிப்ரவரி 19 என்று தேதி வந்தது. மேயர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் பகுதியில் வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண் சுயேச்சையாக நின்றாள். குடிதண்ணீர்க் குழாய்க்காகப் பல வருஷம் சண்டை போட்டவள். கட்சிகளுக்கு ஆலோசனை கம்பெனிகள் இருந்தன. முந்தின வருஷச் சட்டமன்றத் தேர்தலில் பிரசாந்த் கிஷோரின் ஐபேக் நிறுவனத்தை திமுக அமர்த்தியது ஊரறிந்த விஷயம். எங்களுக்கு இருந்தது நாலு பேர். மூன்று பேர் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிற தோழர்கள், நல்ல மனசுக்காரர்கள், அடையாறிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் பைக்கில் வருவார்கள். நாலாவது ஆள் நான். மே தினப் பூங்காவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே வேலை பிரித்துக்கொண்டோம். முதல் நாள், தெருத்தெருவாகப் போகிற வேலை எனக்கு, நிரல் எழுதுகிற வேலை அவர்களுக்கு என்று யாரும் சொல்லாமலே பிரிந்தது. பழைய கடை ஞாபகம் வந்தது.

வாக்காளர் பட்டியலைத் தேடக்கூடியதாக்குவதுதான் முதல் வேலை. பட்டியல் படமாகத்தான் கிடைக்கிறது. எழுத்தாகத் தந்தால் கம்ப்யூட்டரில் பேரைப் போட்டுத் தேடலாம். படத்தில் தேட முடியாது, கண்ணால் ஒவ்வொரு பக்கமாகப் பார்க்க வேண்டும். 2018இல் கமல்நாத் தொடுத்த வழக்கில், எழுத்து வடிவில் கேட்க உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேண்டுமானால் உங்கள் முயற்சியில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்பதும் தீர்ப்பில் இருக்கிறது. மொத்தமாக எடுத்து யாரும் தப்பாகப் பயன்படுத்திவிடக் கூடாது என்பது அரசுத் தரப்பு சொன்ன நியாயம். பணம் இருக்கிறவன் மாற்றிக்கொள்வான், இல்லாதவன் கண்ணை வைத்துத் தேடுவான் என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். ஐதராபாத்தில் காலித் சைஃபுல்லா என்ற மென்பொருள்காரர் 2018, 2019இல் விடுபட்ட வாக்காளர்களைக் கண்டுபிடிக்க ஒரு செயலி செய்து, முஸ்லிம்களும் தலித்துகளும் எவ்வளவு பேர் பட்டியலில் இல்லை என்று கேள்வி எழுப்பியதும் இந்தச் சமயத்தில்தான்.

படத்தை எழுத்தாக்க டெஸராக்ட் என்று ஒரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. எச்.பி. கம்பெனி 1980களில் எழுதி, 2005இல் ஊருக்குத் திறந்துவிட்டது. தமிழ் படிக்கும். ஆனால் நம்மூர் மங்கல் படத்தைப் படித்தால் துணைக்கால் எது, ‘ர’ எது என்று திண்டாடும். ராதா ஒரு வழி ஆகிவிடுவாள். குப்பம்மா கும்பம்மா ஆவாள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து இதைச் சரிசெய்ய நிரல் எழுதினார்கள் தோழர்கள். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

வில்லங்கம் கதவு எண்ணில் வந்தது. ஒரே கதவு எண், ஒரே பேர், ஒரே புருஷன் பேர் இருந்தால் இரட்டைப் பதிவு என்று நிரல் ஒன்றைத் தூக்கிவிடும். எங்கள் சந்தில் ஒரு நம்பருக்குள் பதினோரு வீடு. பழைய எண், புதிய எண் என்ற சென்னைக் கூத்து எங்களுக்குக் கிடையாது, இருப்பதே ஒரு எண். அதில் ஆறுமுகம் பெண்சாதி அஞ்சலை மூன்று பேர். நிரல் இரண்டு அஞ்சலையை அழித்துவிட்டது.

“டேட்டா தப்பா இருக்கு தோழர்” என்றார் எழுதியவர்.

“டேட்டா சரியாத்தான் கீது. மூணு அஞ்சலையும் உயிரோட கீறாங்க. இட்டுனு வரட்டா?” என்றேன்.

சிரித்தார்கள். ஆனால் திருத்த நேரமில்லை என்றார்கள். அன்று ராத்திரி நானே உட்கார்ந்தேன். பைத்தான் எனக்கு அரைகுறை. விடியக்காலை நாலு மணிக்கு வேலை செய்தது. வயசையும் பிள்ளைகள் பேரையும் சேர்த்துப் பார்க்கிற மாதிரி மாற்றினேன். கிட் என்கிற ஏற்பாட்டில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்று பதிந்துகொண்டே இருக்கும். அதில் என் பேரில் பதினாலு வரி ஏறியது. தோள் வலிக்கப் பெட்டி தூக்கிய அந்தத் தெருவுக்கு நாலு சந்து தள்ளி உட்கார்ந்து, அந்தப் பதினாலு வரியை எத்தனை தடவை திறந்து பார்த்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தெருவில் இறங்கியதும் நிரல் வளர்ந்தது. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் ஆதரவு, எதிர்ப்பு, சந்தேகம் என்று மூன்று கட்டம். கீழே குறிப்பு எழுத ஓர் இடம். அப்புறம் ஒரு நாள் ‘சமூகம்’ என்று ஒரு கட்டம் முளைத்தது. “எல்லாக் கட்சியும் வெச்சிருக்கு தோழர், யதார்த்தமா பாக்கணும்” என்றார் ஒருவர். சண்டை போட்டு அதை எடுக்கவைத்தேன். சாதி கேட்டுக்கொண்டு சேரிக்குள் வருகிற எந்தக் காகிதத்தையும் எங்கள் ஜனம் சந்தேகத்தோடுதான் பார்க்கும், அது நம் காகிதமாக இருந்தாலும். அந்தச் சண்டையில் ஜெயித்த திமிரில் மீதி மூன்று கட்டங்களை நான் யோசிக்கவேயில்லை.

பெரியம்மா பேர் கொடுக்காத அன்று நான் செய்தது இதுதான். அவள் கொடுக்காவிட்டால் என்ன, பட்டியலில் அவள் பேர் இருக்கிறதே. அதைத் திறந்தேன். ‘சந்தேகம்’ என்ற கட்டத்தை அமுக்கினேன். குறிப்பில், ‘பேர் தர மறுக்கிறார், மகள் பெரும்பாக்கம், கோபத்தில் இருக்கிறார், பட்டா இல்லை’ என்று எழுதினேன். பட்டா சங்கதியை எதற்கு எழுதினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இடம் இருந்தது, எழுதினேன்.

நாலு நாள் கழித்து ஒரு கட்சிக்காரர் டீக்கடையில் என்னைத் தனியே கூப்பிட்டார். “நீங்கள்லாம் ஏதோ கம்ப்யூட்டர்ல பண்றீங்களாமே. அந்த லிஸ்ட மட்டும் குடு, பாத்துச் செய்றேன்” என்றார். நிரலை வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாருக்கும் பொது என்றேன். “அது எவனுக்கு வேணும்?” என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் ராப்பகலாகப் பெருமைப்பட்ட சாமானுக்கு அவரிடம் விலை இல்லை. பெரியம்மா கொடுக்க மாட்டேன் என்றதற்குத்தான் விலை.

கொடுக்கவில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். தேர்தலுக்கு முந்தின நாள்தான் தெரிந்தது. மற்ற ஊர்த் தோழர்களும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று நிரலை எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தோம். அதுதான் கொள்கை. நிரல் எப்படி வேலை செய்கிறது என்று காட்ட மாதிரிக் கோப்பு ஒன்று வேண்டியிருந்தது. அவசரத்தில் ஒரு தோழர் எங்கள் சந்தின் கோப்பையே போட்டிருந்தார். உண்மைப் பேர், உண்மைக் குறிப்பு. யார் ஆதரவு, யார் எதிர்ப்பு, யாருக்குப் பட்டா இல்லை. ஒன்பது நாள் உலகத்துக்கே திறந்து கிடந்தது. அவர் அழுதார், பொய் அழுகை அல்ல. உடனே அழித்தார். கிட்டில் அழித்தாலும் போகாது. பழசு எல்லாம் வரலாற்றில் பத்திரமாக இருக்கும். என் பதினாலு வரியைப் பத்திரமாக வைத்த அதே ஏற்பாடுதான் என் குறிப்பையும் பத்திரமாக வைத்திருந்தது. வரலாற்றையே திருத்தி எழுதி நீக்க வேண்டும். அன்று ராத்திரி அதைச் செய்தோம். அதற்குள் யாராவது நகல் எடுத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தோழரைத் திட்டுவது எளிது. நான் எழுதாத குறிப்பை அவர் எப்படி வெளியிட்டிருப்பார்?

எங்கள் பெண் தோற்றாள். டெபாசிட் போயிற்று. மார்ச் 4ஆம் தேதி பிரியா சென்னையின் முதல் தலித் பெண் மேயராகப் பதவி ஏற்றபோது டீவி முன்னால் உட்கார்ந்து அவளும் நாங்களும் கை தட்டினோம். கட்சி வேறாக இருந்தால் என்ன?

அதற்குப் பிறகு நிரலைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். பேர்கள் எந்தப் பொது இடத்துக்கும் போகாது. அந்தந்தத் தெருவில் ஒரு பெண்ணின் செல்போனிலேயே பூட்டி இருக்கும், ஓட்டு எண்ணி முடிந்ததும் தானே அழிந்துவிடும். குறிப்பு எழுதுகிற இடத்தை எடுத்துவிட்டேன். மாதிரிக் கோப்புக்குக் கற்பனைப் பேர்கள். ஒரு தோழர், இப்படிச் செய்தால் அடுத்த தேர்தலுக்குக் கையில் எதுவுமே இருக்காது, கட்சிகளோடு எப்படி மோதுவது என்று கேட்டுவிட்டு விலகிப்போனார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. பதில் என்னிடம் இல்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாக வாசல் வாசலாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

2025 நவம்பர் 4ஆம் தேதி தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தது. 2002, 2005 பட்டியலில் உன் பேரோ உன் பெற்றோர் பேரோ எங்கே இருந்தது என்று படிவத்தில் எழுத வேண்டும். இருபது வருஷத்தில் எத்தனை இடம் மாற்றி அடித்திருக்கிறார்கள் எங்களை. எந்தப் பாகம், எந்த வரிசை எண் என்று யாருக்கு ஞாபகம்? டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கு மேல் பேர்கள் இல்லை. சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கு மேல். கணக்கில் பெரும் பங்கு ‘இடம் பெயர்ந்தோர்’ என்ற தலைப்பில் இருந்தது. தானாகப் பெயர்ந்தவர் யார், பெயர்க்கப்பட்டவர் யார் என்று அதில் பிரித்துக் காட்டவில்லை.

எங்கள் பழைய நிரலைத் தூசி தட்டினோம். தேடுவது மட்டும், சேர்த்து வைப்பது கிடையாது. மூன்று அஞ்சலைகளும் 2005 பட்டியலில் அகப்பட்டார்கள். நவம்பர் கடைசியில் ஒரு ராத்திரி, பெரியம்மா தானாக என் வீட்டுக்கு வந்தாள். மகள் பேர் பெரும்பாக்கத்திலும் இல்லாமல் போய்விடுமோ என்று பயம்.

“எம் பேரப் போட்டுப் பாரு” என்றாள்.

கிடைத்தது. புருஷன் பேர் எழுத்து மாறி இருந்தது, அதனால்தான் யாருக்கும் அகப்படவில்லை. பாக எண்ணையும் வரிசை எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. எனக்கும் அதற்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. 2022இல் அவள் பேருக்குப் பக்கத்தில் எழுதியதையும், ஒன்பது நாள் அது வெளியே கிடந்ததையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

“இன்னான்னு எழுதி வெச்சே?”

“சந்தேகம்னு.”

“அடப் பாவி. அந்தப் பொண்ணுக்குத்தான்டா போட்டேன்.”

திரையில் அவள் பேர் இன்னும் இருந்தது. அதைக் காட்டி, “பாத்தாச்சுல்ல? அழி” என்றாள். மூடினேன். செல்போனை என் கையிலிருந்து வாங்கி, முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.